மண் குடிக்காத மழை

அம்மாடி,

பள்ளிக்கூடத்துப் பசங்க இந்தி வேணாம்னு ரயிலை மறிச்சாங்களே, அதுக்கு மறு வருஷம். ரேஷன் கடையில அரிசி இல்லாம மைலோன்னு ஒரு சிவப்புச் சோளம் போட்டாங்க. அதை அடுப்புல ஏத்தினா விறகு தீருமே தவிர அது வேகாது. ஆளுங்கட்சி போயி வேற கட்சி வந்தது அதுக்கு அடுத்த தை மாசி எலெக்‌ஷன்லதான். ஒரகடம் கூட்டு ரோட்டுல அப்ப ஒரு டீக்கடையும் ஒரு புளியமரமும்தான். இப்ப கார்ல வந்து கம்பெனி கட்ட நிலம் பார்க்கறாங்களே, அந்த மேடு முழுக்கக் கேழ்வரகும் மல்லாட்டையும். அந்த வருஷம்தான் நம்ம ஏரி உடைஞ்சது. நீ உங்கம்மா இடுப்புல இருந்தே, உனக்கு நெனப்பு தெரியாத வயசு. அதனாலதான் இதை உனக்குச் சொல்ல வேண்டி இருக்கு.

எழுதறது பால் சொசைட்டி செல்வராசு. நான் சொல்லச் சொல்ல எழுதறான். நான் ஒண்ணு சொன்னா அவன் கொஞ்சம் நாகரிகமா எழுதறான், படிச்சவன் இல்லியா. "பெருசு, கொஞ்சம் சுருக்கிச் சொல்லு, பால் வண்டி வந்துரும்" என்கிறான். வண்டி வந்தா வரட்டும்னு சொல்லிட்டேன். உனக்கு இத்தனை நாள்ல நான் ஒரு வரி போட்டதில்ல. கல்யாணம் ஆகிப் போன பொண்ணுக்கு அப்பன் இன்னாத்த எழுதறது, நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அவ்வளவுதானேன்னு விட்டுட்டேன். ஆனா தினமும் உன்கிட்ட பேசிக்கிட்டுதான் இருக்கேன். மாட்டை அவுக்கும்போது பேசுவேன். ஏரிக் கலங்கல் பக்கம் போனா நிச்சயம் பேசுவேன். ஏன்னா அங்க வழிஞ்சி போற தண்ணி சேரப்பணஞ்சேரி போயி, மணிமங்கலம் போயி, அடையாத்துல விழுந்து, சைதாப்பேட்டையில உன் வூட்டுப் பின்பக்கம் போவுது. நான் பஸ் ஏறி உன்னைப் பார்க்க முடியாத அன்னிக்கும் இந்தத் தண்ணி உன்னைப் பார்த்துட்டுப் போவுதேன்னு நெனைப்பேன். பொறாமையாக்கூட இருக்கும். இந்த வருஷம் மட்டும் அந்தத் தண்ணி உன்னைப் பார்க்க வரக்கூடாதுன்னு இருக்கு.

தீபாவளிக்கு வந்தப்ப மாப்பிள்ளை சொன்னது என் காதுலயே நிக்குது. நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல வாயில்ல எனக்கு. கிண்டி எஸ்டேட்ல ரெண்டு ஷிப்ட் பார்த்து, ஓவர்டைம் பார்த்து, ஆத்தோரத்துல தன் கையால நாலு சுவர் எழுப்பி மேல கூரைச் சீட்டு போட்டவரு. "ஐப்பசி மழை எப்படிக் கொட்டிச்சி பாத்தீங்களா மாமா, ஆறு நம்ம வாசப்படியத் தொடவே இல்ல. அதைவிட பெரிய மழை இன்னா வரப்போவுது" என்றாரு. நீயும் தலையாட்டினே. பலகாரம் துன்ற நேரத்துல எதுக்குன்னு இருந்துட்டேன். ஆனா அதே வார்த்தையை, அதே சிரிப்போட, உங்க சித்தப்பன் ஏழுமலை வாயால நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன்.

ஏழுமலை எனக்கு ஒரே தம்பி. நீ அவனைப் பார்த்திருக்கே, அவன் தோள்ல உக்காந்து அவன் காதைப் பிடிச்சி ஓட்டுவே. அதுவும் உனக்குத் தெரியாது. ஆள் ஒல்லி, வாய் மட்டும் பெருசு. ஊருல எந்த வேலையா இருந்தாலும் அவன் முன்னால நிப்பான், வேலை முடியறதுக்குள்ள எல்லாரையும் சிரிக்க வச்சிடுவான்.

அந்த வருஷத்துக்கு முன்னால ரெண்டு வருஷம் மழை ஏமாத்திடுச்சி. ஏரி மண்ணு வெடிச்சி, அந்த வெடிப்புல கையை விட்டா முழங்கை வரைக்கும் போகும். கிணத்துல கயித்தை முடிச்சிப் போட்டு முடிச்சிப் போட்டு நீட்டினோம். ஊருல பாதிப் பேர் மாட்டை வித்தாச்சி. அப்புறம் அந்த ஐப்பசியில வந்தது ஒரு மழை. காலையில பிடிச்சி, விளக்கு வைக்கிற வரைக்கும் விடல. எதிர் வூடு தெரியல. எல்லாரும் வெளிய வந்து நனைஞ்சோம். மறுநாள் ஓடிப் போயி ஏரியைப் பார்த்தா, நடுவுல ஒரு குட்டை மாதிரி கொஞ்சம் தண்ணி. எருமை படுத்தா முதுகு தெரியும். அம்மாம் மழையும் எங்க போச்சுன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். ஏழுமலை அந்த வெடிப்பு ஒண்ணைக் காலால தட்டி, "யப்பா, ரெண்டு வருஷத்துக் கடனா குடிச்சிட்டியா, எங்களுக்கு ஒரு வாய் வச்சிருக்கக் கூடாதா" என்றான்.

அவன் விளையாட்டாச் சொன்னது நிஜம். பூமி குடிச்சிடுச்சி. அதுக்கு அப்புறம் வந்ததைத்தான் நாங்க யாரும் கணக்குல வைக்கல. பெரிய மழை இல்ல. தூத்தல். காலையில கொஞ்சம், சாயந்திரம் கொஞ்சம். துணி காயாது, வைக்கோல் நாறும், வேற ஒரு தொந்தரவும் இல்ல. இதெல்லாம் ஒரு மழையான்னு பொம்பளைங்க விறகைத் திட்டுவாங்க, ஆம்பளைங்க மழையைத் திட்டுவாங்க. நாள் கணக்கா அப்படி நச நசன்னு பேஞ்சி, ஏரி மெல்ல மெல்ல ஏறி, கலங்கல் கல்லோட காலைத் தொட்டுது.

கலங்கல்னா உனக்குத் தெரியும், ஏரி நிறைஞ்சா மிச்சத் தண்ணி வழிஞ்சி போற எடம். குட்டைச் சுவர் மேல வேலிக்கால் மாதிரி கல்லு நட்டு வச்சிருக்கும், நீயும் அதுல உக்காந்து துணி துவைச்சிருக்கே. அந்தக் கல்லு எதுக்குன்னு இந்தக் காலத்துல யாரும் கேக்கறதில்ல. மழைக்காலம் முடிஞ்ச பிறகு, கார்த்திகை தீபம் கழிச்சி, அந்தக் கல்லுங்களுக்கு நடுவுல வைக்கோலும் களிமண்ணும் புல்லுப் பத்தையும் வச்சி மிதிச்சி அடைப்போம். அடைச்சா ஏரியில இன்னும் ஒரு முழம் தண்ணி நிக்கும். அந்த ஒரு முழம்தான் எங்களுக்கு ரெண்டாம் போகம். தீபத்துக்கு முன்னால அடைக்கறது வழக்கம் இல்ல. பெரிய மழை வந்தா போறதுக்கு வழி வேணும் இல்லியா.

அந்த வருஷம் யாருக்கும் தீபம் வரைக்கும் பொறுமை இல்ல. பசிச்ச வயிறு. ஊரே கரைமேல கூடி நின்னுது. மதகு திறந்து மூடற நீர்கட்டி சடையன் மட்டும், "தீபம் ஆவட்டுமே. எங்கப்பன் தீபத்துக்கு முன்ன கல்லைத் தொட மாட்டான்" என்றான்.

"உங்கப்பன் மைலோ துன்னானா?" என்று கேட்டான் ஏழுமலை.

எல்லாரும் சிரிச்சிட்டாங்க. சடையனும் சிரிச்சிட்டான். அவன் வூட்லயும் அதுதானே வெந்துக்கிட்டு இருந்தது. "ஐப்பசியில வானமே ஒடைஞ்சி ஊத்திச்சி, ஏரிக்குக் காலு நனைஞ்சுதா சொல்லு. அத்தவிட பெரிய மழை எங்கேர்ந்து வரப் போவுது? வந்தா வரட்டும், அதுக்கும் எடம் கீது" என்றான் ஏழுமலை. அந்தப் பேச்சு எல்லாருக்கும் பிடிச்சிருந்தது. முதல்ல எறங்கி களிமண் தூக்கினதே சடையன்தான். நானும் தூக்கினேன். பொம்பளைங்க வைக்கோல் கொண்டாந்தாங்க. அன்னிக்கு சாயந்திரம் ஏதோ திருவிழா முடிஞ்ச மாதிரி ஊரே களைச்சி சந்தோஷமா இருந்தது.

அன்னிக்கோ மறுநாளோ, உங்கம்மா பின்பக்கம் உக்காந்து காலை நீட்டி உன்னைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தா. ஊத்தி முடிச்சும் எழுந்திருக்காம தரையையே பார்த்துக்கிட்டு இருந்தா. "இன்னா பாக்கறே?" என்றேன்.

"தண்ணி போவ மாட்டேங்குதுய்யா."

"எந்தத் தண்ணி?"

"உன் பொண்ணு தண்ணி. எப்பவும் ஊத்த ஊத்த உள்ள பூடும். இன்னிக்கி அப்படியே நிக்குது பாரு."

"நின்னா நிக்கட்டும், வாத்து வாங்கி வுடலாம்" என்றேன். அவ ஈரக்கையால என் மேல தண்ணி தெளிச்சா. அந்நேரம் உங்க சின்னம்மா, ஏழுமலை பொண்டாட்டி, கிணத்துலேர்ந்து வந்தவ, "அக்கா, இன்னிக்கி கயிறே வேணாம். குனிஞ்சி சொம்பால மொண்டுக்கினு வரேன்" என்று குடத்தைக் காட்டினா. முகமெல்லாம் சிரிப்பு. ரெண்டு வருஷமா கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காய்ச்சிப் போனவ அவ. கிணறு வாய் வரைக்கும் வந்தா சிரிக்காம இன்னா செய்வா. நாங்க எல்லாருமே அதை லட்சுமி வந்த மாதிரி பார்த்தோம். மண்ணு வயிறு நிறைஞ்சி, இனி ஒரு வாய் வாங்காதுன்னு சொல்லிக்கிட்டு இருந்ததை, எங்களுக்கு வந்த செல்வம்னு நெனைச்சோம்.

அப்புறம் அந்த மழை. நான் சத்தியமாச் சொல்றேன் அம்மாடி, ஐப்பசி மழையில அது பாதிகூட இல்ல. மாடு ஓட்டற நேரத்துக்குப் பிடிச்சி, உச்சிப் பொழுதுக்குள்ள விட்டுடுச்சி. நான் வூட்ல உக்காந்து கயிறு திரிச்சிக்கிட்டு இருந்தேன், கவலைப்படவே இல்ல. சடையன் தெருவுல ஓடி வந்து கத்தின பிறகுதான் எழுந்து வெளிய வந்தேன். தெரு இல்ல, வாய்க்கால் ஓடுது. வடக்குப்பட்டு மேட்டுலேர்ந்து செம்மண் தண்ணி பாயை விரிச்ச மாதிரி எறங்கி வருது. மேட்டுல விழுந்த துளி மேட்டுல நிக்கல, காட்டுல விழுந்தது காட்டுல நிக்கல. போன தடவை எல்லாத்தையும் குடிச்ச பூமி இந்தத் தடவை வந்ததை வந்தபடி ஏரிக்கே அனுப்பிடுச்சி. கரைக்குப் போயிப் பார்த்தா தண்ணி கண்ணு முன்னாலயே ஏறுது. வழியவேண்டிய எடத்தை நாங்களே அடைச்சி வச்சிருந்தோம்.

அடைச்சதை எடுக்கணும். கையால பிடுங்கினோம், வரல. வைக்கோல் ஊறி உப்பி, களிமண்ணைக் கவ்வி, கல்லோட கல்லா ஆகியிருந்தது. நல்லா மிதிச்சது நாங்கதானே. ஏழுமலை கடப்பாரையை எடுத்துக்கிட்டுக் கலங்கலுக்கு அந்தப் பக்கம், தண்ணி விழற பக்கம், கீழே எறங்கினான். கரைமேல பொம்பளைங்களோட உங்க சின்னம்மா நின்னுக்கிட்டு இருந்தா. பக்கத்துல உங்கம்மா, அவ இடுப்புல நீ.

"மேல வந்து குத்தேன், கீழ நின்னுகினு இன்னா வேலை?" என்றா சின்னம்மா.

"மேல நின்னா எட்டாதுடி. நீ போயி சோறு வடி, இதோ வந்துட்டேன்."

அதுதான் அவன் கடைசியாப் பேசினது. அடைப்பு ஒரு எடத்துல விட்டுது, விட்டதும் மொத்தமும் விட்டுது, கல்லையும் சேத்துப் பேத்துக்கிட்டு, பக்கத்துக் கரையையும் கொஞ்சம் கடிச்சிக்கிட்டு. அந்தச் சத்தத்தை நான் சொல்ல முடியாது, செல்வராசுக்கும் எழுதத் தெரியாது. வயக்காட்டுப் பக்கம் குடிசை இல்லாததால ஊருல வேற உசுரு போவல. ஏழுமலையை மணிமங்கலம் தாண்டி ஒரு தாழம்புதருல கண்டுபிடிச்சி மாட்டு வண்டியில கொண்டாந்தோம். அம்மாடி, அவன் போன வழியைக் கடைசி வரைக்கும் போனா உன் வூடு வருது. சைதாப்பேட்டையில எடம் பிடிச்சிருக்கோம்னு நீ சொன்ன அன்னிக்கே எனக்கு இந்த வழிதான் நெனப்புக்கு வந்தது. வாய்விட்டுச் சொல்லியிருந்தா, அப்பனுக்குப் பொண்ணு தனியாப் போனது பிடிக்கலன்னு மாப்பிள்ளை நெனைச்சிருப்பாரு. அதுவும் முழுசாப் பொய் இல்ல.

ரொம்ப வருஷம் நான் அந்த ஒரு மழையைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப வயசாகி, மாட்டைக் கட்டிட்டு சும்மா உக்காந்து இருக்கும்போது யோசிச்சிப் பார்த்தா, அந்த மழை பாவம். ஐப்பசி மழை வெடிப்பை எல்லாம் அடைச்சி வச்சிட்டுப் போச்சு. நாங்க மதிக்காத தூத்தல் மிச்ச எடத்தையும் நிரப்பிடுச்சி. கடைசியா வந்தது சின்ன மழைதான், அதுக்குப் போக எடம் இல்ல. நாங்க வானத்துலேர்ந்து எவ்வளவு விழுதுன்னு மட்டும் பார்த்தோம். விழற தண்ணியை வாங்கிக்க மண்ணுல இன்னும் எடம் இருக்கான்னு பார்க்கல. பெரிய மழைக்கே ஒண்ணும் ஆகலயேன்னு சொன்னது எவ்வளவு தப்பான தைரியம்னு இப்பதான் புரியுது. அப்ப ஒண்ணும் ஆகாததுக்குக் காரணம் பூமி காஞ்சி கிடந்தது. இப்ப அது அப்படிக் காஞ்சி கிடக்கல.

இந்த வருஷமும் அப்படியேதான் நடந்துக்கிட்டு வருது. கல்யாணம் ஆன புதுசுல நீ குடத்தைத் தூக்கிக்கிட்டு தண்ணி லாரி பின்னால ஓடினியே, அந்த வறட்சிக்கு அப்புறம் ஒழுங்கான மழை இதுதான். ஐப்பசியில கொட்டிச்சி, உன் ஆறு வாசப்படியைத் தொடல. மாப்பிள்ளை சொன்னது சரிதான். ஆனா தீபாவளிக்கு நீங்க போன பிறகு இங்க தூத்தல் விடல. நான் கொல்லையில குச்சியை ஊனினா வெண்ணையில எறங்கற மாதிரி எறங்குது. கிணறு கைக்கு எட்டுது. நம்ம ஏரி நிறைஞ்சி வழியுது, சேரப்பணஞ்சேரி ஏரி நிறைஞ்சாச்சி, மணிமங்கலமும் நிறைஞ்சிருச்சின்னு பால் வண்டிக்காரன் சொல்றான். இனிமே மேல ஒரு மழை பேஞ்சா இங்க யாரும் அதை வாங்கிக்க மாட்டாங்க. எல்லாம் உன்கிட்ட வரும்.

நான் சொல்றதை நம்ப வேணாம். உன் வூட்டுப் பின்பக்கம் போயி, பேரனைக் குளிப்பாட்டற எடத்தைப் பாரு. அந்தத் தண்ணி முன்ன மாதிரி உள்ள போவுதா, இல்ல நிக்குதா. நின்னா, வானம் வெளுத்திருந்தாலும் கிளம்பு. மாப்பிள்ளைகிட்டயும் அதைக் காட்டு. அவரு மெஷின்கிட்ட வேலை செய்யறவரு, கண்ணால பார்த்தா ஒத்துக்குவாரு. வூடு போயிடும்னு பயப்படுவாரு, கஷ்டப்பட்டுக் கட்டினது. வூடு அங்கயே இருக்கட்டும். தண்ணி வராம போச்சுன்னா பொங்கலுக்குத் திரும்பிப் போயி, கிழவன் பயந்தாங்கொள்ளின்னு வாழ்நாள் பூரா சிரிங்க. நான் அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன், சந்தோஷமா.

உங்கம்மா இருந்தா இவ்வளவு பேச வேண்டியதில்ல. முந்தாநாள் பஸ்ஸிலயே வந்து உன் தலைமுடியைப் பிடிச்சி இழுத்துக்கிட்டு வந்திருப்பா. அவ போனதுலேர்ந்து இந்த வூட்ல அதட்டிக் கூப்பிட ஆள் இல்ல. எனக்குக் கெஞ்சத்தான் தெரியுது. நீ கிளம்பிப் போன பிறகு உன் தட்டை நான் எடுத்து வைக்கல, அடுக்குல மேலாகவே இருக்கு. கை பட்டா எடுத்துத் துடைச்சிட்டு மறுபடியும் மேலயே வைக்கறேன். நீ வந்து ஒரு மாசம் சும்மா இரு. பேசக்கூட வேணாம். புள்ளை அழற சத்தம் கேட்டா போதும்.

நானே வந்திருப்பேன். முட்டி மடங்கல, பஸ் படி ஏற முடியல. அதனால இந்தக் கடுதாசியை தபால்ல போடாம ஆள் கையில குடுத்து அனுப்பறேன். கொண்டு வர்றவளுக்குச் சொல்லி அனுப்பினேன். உடனே புடவையை மாத்திக்கிட்டு, குடை எடுத்துக்கிட்டு இங்க வந்து நின்னா. தாய் வூட்டுக்கு, சேரப்பணஞ்சேரிக்கு, திரும்பிப் போனதுலேர்ந்து மழைக்காலத்துல அவ ஒரு ஏரிக் கரை ஏறினதில்ல. தாம்பரம் பஸ் அடையாத்துப் பாலத்து மேல போகும்போது முந்தானையால முகத்தை மூடிக்குவா, நான் கூட உக்காந்து பார்த்திருக்கேன். அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் உன்கிட்ட வந்திருக்கா. வேலை நாள்ல நீங்க தங்கறது அவ வூட்லதான், மத்த நாள் இங்க. அவளுது மேட்டு வூடு, பஸ் ரோட்டுக்குப் பக்கம். மாப்பிள்ளை அங்கிருந்தே ஷிப்டுக்குப் போயிட்டு வரலாம்.

அவளை உக்கார வச்சி டீ போட்டுக்கிட்டு இருக்காத. இன்னிக்கே பாயைச் சுருட்டு, புள்ளையைத் தூக்கு. வழியில எதுவும் கேக்காத, அவளா சொன்னா கேட்டுக்கோ. அன்னிக்கு அந்தக் கரையில நின்னு பார்த்தவங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. ஏழுமலை அன்னிக்கே போனான். சடையன் அதுக்கு அப்புறம் மதகுப் பக்கமே போகாம இருந்து செத்துப் போனான். வைக்கோல் சுமந்த பொம்பளைங்க இல்ல, மண் மிதிச்ச ஆம்பளைங்க இல்ல, உங்கம்மா இல்ல. என்னை விட்டா, நடந்ததைக் கண்ணால பார்த்து இன்னும் உசுரோட இருக்கறது ஒருத்திதான். உன் வாசல்ல குடையை மடக்கிக்கிட்டு நிக்கறாளே, உங்க சின்னம்மா, ராஜம்மா.